ஆணையின் நகல் எங்கே?

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் தூத்துக்குடியில் காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்தனர். மே 23 அன்று தமிழக அரசு இன்னொரு காரியமும் செய்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய 3 மாவட்டங்களிலும் 5 நாட்களுக்கு இணையத்தைத் துண்டிக்க ஆணையிட்டது. சமூக வலைதளங்களில் தூண்டிவிடும் செய்தி பரவுகிறதாம்!

சுட்டது தூத்துக்குடியில். நாகர்கோவில் கடைக்காரர் செய்த குற்றம் என்ன? உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கேள்வி எழுப்பிய பிறகே மற்ற இரு மாவட்டங்களுக்கும் இணைப்பு திரும்பியது. மக்கள் கைபேசியில் பிடித்து வைத்திருந்த காட்சிகள்தான் அந்த நாட்களின் சாட்சி. அந்தச் சாட்சியின் வாயைக் கட்டினார்கள். துப்பாக்கிச் சூடு தேவையற்றது என்ற அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்ததோ 2022 அக்டோபரில்!

வணிகச் சகோதரர்களே! 2018இல் கல்லாவில் ரொக்கம் இருந்தது. இன்று தாம்பரம் சண்முகம் சாலையில் கீரை வாங்கினாலும் கைபேசியில்தான் பணம். மறைமலை நகரில் மூன்று நாள் இணையம் நின்றால் யார் கடையில் வியாபாரம் நடக்கும்? சரக்குக்குப் பணம் எப்படி அனுப்புவீர்கள்?

நம்மவர்களிலேயே சிலர், "ஹஜ்ரத், கலவரம் என்று வந்தால் எரிவது நம் கடைதான். நெட்டை அணைத்தால் நமக்கு நல்லதுதானே?" என்று கேட்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் இலங்கையைப் பாருங்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டம் திகனையில் நம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் தடை வந்தது எப்போது? தீ பற்றிய பிறகு! வெறுப்புப் பதிவுகளைப் பற்றிச் செய்த புகார்கள் அதற்கு முன்பே கிடப்பில் கிடந்தன. தன் பங்குக்கு ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல். வெறுப்பைத் தூண்டுபவனைப் பிடிக்க இந்தியாவில் சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவு அதற்குத்தான். அவனை விட்டுவிட்டு ஊரையே இருட்டில் தள்ளினால், பொய்யை மறுக்க நமக்கு ஏது வழி? வாய்வழி வதந்திக்கு இணையம் தேவையில்லையே! (விசாரிக்காமல் எதையும் பகிரும் நம் இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதைத் தனியாகப் பேச வேண்டும்.)

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டித்தார்கள். 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். பதினெட்டு மாதங்கள்! அனுராதா பாசின் என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையம் வழியாகப் பேசுவதும் வணிகம் செய்வதும் அரசியல் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. காலவரையின்றித் துண்டிக்க முடியாது. ஆணையை வெளியிட வேண்டும், அதை எதிர்த்து வழக்குப் போடலாம் என்றது.

1885ஆம் ஆண்டு வெள்ளையன் போட்ட தந்திச் சட்டத்தை வைத்தும் முன்பு துண்டித்தார்கள். இப்போது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். அதன் கீழ் 2024இல் வந்த விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: ஆணையிட வேண்டியவர் உள்துறைச் செயலாளர்; காரணம், எந்தப் பகுதி, எத்தனை நாள் என்று எழுதி வெளியிட வேண்டும்; ஒரு ஆணைக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. ஆகவே நம் பகுதியில் இணையம் நின்றால், வணிகர் சங்கம் முதலில் கேட்க வேண்டியது ஆணையின் நகலைத்தான். அது கையில் இல்லாமல் வழக்கறிஞரிடம் போய் என்ன பயன்? நின்றுபோன வியாபாரத்தின் கணக்கையும் தேதி வாரியாக எழுதி வையுங்கள்.

ஆணை சரியா என்று பார்க்க ஒரு மறுஆய்வுக் குழு உண்டு. மாநிலத்தில் அதன் தலைவர் தலைமைச் செயலாளர், உறுப்பினர்கள் இரண்டு செயலாளர்கள். துண்டித்ததும் அதிகாரி, அதைச் சரி என்பதும் அதிகாரி! ஓய்வுபெற்ற நீதிபதிகளையும் பொதுமக்கள் தரப்பினரையும் சேர்க்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2021இலேயே பரிந்துரைத்தது. 2024 விதிகளில் அது இல்லை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைக் கேளுங்கள்.