கண்ணில் படாத புலிக்காக

இந்த இதழின் பெரும்பகுதியை ஆப்பிரிக்கச் சிங்கங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. மாசாய் மாராவுக்கும் செரெங்கெட்டிக்கும் குழுக்களை அழைத்துப் போய்த் திரும்பிய நம் வழிகாட்டிகள் எழுதிய களக் குறிப்புகள் அவை, நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் ஒரு கருத்து கட்டுரைக்குக் கட்டுரை தலைகாட்டுகிறது: கண்ணால் பார்த்தால்தான் மக்களுக்கு அக்கறை வரும், அக்கறை வந்தால்தான் விலங்கு பிழைக்கும். சிங்கத்தைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை இருக்கிறது. நம் நாட்டுப் புலிக்கு இதை அப்படியே பொருத்தினால் கேடுதான் வரும். 2026 மலேசியச் சுற்றுலா ஆண்டு. பச்சை பேட்ஜ் அணிந்து காட்டுக்குள் ஆள் அழைத்துப் போகும் நாம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டிய நேரம் இது.

முதலில் அந்தப் பாதி உண்மை. சிங்கம் பார்வையாளருக்குத் தோதான விலங்கு. திறந்த புல்வெளியில் கூட்டமாக வாழ்கிறது. நாளில் இருபது மணி நேரம்வரை படுத்தே கிடக்கிறது. வண்டியைக் கண்டு ஓடுவதில்லை. 1966இல் ஜார்ஜ் ஷாலர் செரெங்கெட்டியில் தொடங்கிய ஆய்வை 1978 முதல் கிரேக் பேக்கர் பல பத்தாண்டுகள் நடத்த முடிந்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். அங்கே ஒவ்வொரு சிங்கத்தையும் தனித்தனியாக அறிவார்கள். அடையாளம் மீசையில் இருக்கிறது. மேலுதட்டில் மீசை முளைக்கும் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். அவற்றுக்கு மேலே தனித்து நிற்கும் ஓரிரு புள்ளிகள், கீழ்வரிசையின் எந்தப் புள்ளிக்கு நேராக அமைந்திருக்கின்றன என்று குறித்துக்கொள்கிறார்கள். இடக் கன்னம் வேறு, வலக் கன்னம் வேறு. பிடரி கறுக்கும், காது கிழியும், தழும்பு ஏறும். புள்ளிகளின் அமைப்பு மட்டும் மாறாது. அடுத்த முறை மாராவுக்குப் போகிறவர்கள், தொலைநோக்கியில் பார்த்து இதை வரையும்படி பயணிகளிடம் சொல்லுங்கள். ஏதோ ஒரு சிங்கத்தைப் பார்த்தோம் என்பவர்கள், இன்ன சிங்கத்தைப் பார்த்தோம் என்று சொல்லித் திரும்புவார்கள்.

இப்படி அறிந்திருந்ததன் அருமை 1994இல் தெரிந்தது. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் கிருமி செரெங்கெட்டிக்குள் புகுந்து மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது. ஏறத்தாழ ஆயிரம் உயிர். எந்தக் கூட்டத்தில் எது விழுந்தது என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது. 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில், தல்கானியா சரகத்தில் இருபதுக்கு மேற்பட்ட ஆசியச் சிங்கங்கள் இறந்தபோது அங்கும் இதே கிருமி கண்டறியப்பட்டது. எல்லாச் சிங்கங்களையும் ஒரே வட்டாரத்தில் வைத்திருப்பது ஆபத்து என்று, கிர் சிங்கங்களை ஆராய்ந்த ரவி செல்லம் போன்றவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2013இல் உச்ச நீதிமன்றமே சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்றச் சொன்னது. ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிப்புலிகள் குனோவுக்கு வந்து சேர்ந்தன. பக்கத்து மாநிலச் சிங்கம் வரவில்லை.

2019 ஜூலையில் அந்த நோய் நம் நாட்டிலும் தலைகாட்டியது. திரங்கானுவில், டுங்குன் மாவட்டத்துக் கம்போங் பெசுல் லாமா பக்கம் ஒரு புலி மனிதர்களுக்கு அஞ்சாமல் திரிந்தது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அதைப் பிடித்து அவாங் பெசுல் என்று பெயரிட்டுச் சிகிச்சை அளித்தது. மாதம் முடிவதற்குள் இறந்துவிட்டது. அதே டிஸ்டெம்பர். செரெங்கெட்டியில் கணக்கு இருந்தது, கிர் காட்டில் சடலங்கள் கிடைத்தன. இங்கே ஒரு புலி தானாக ஊருக்குள் வந்ததால்தான் நமக்குச் செய்தியே தெரியும். காட்டுக்குள் வேறு புலிகள் இதே நோயில் விழுந்தனவா என்று சொல்ல யாருமில்லை.

பார்வை மட்டும் சிங்கத்தையும் காப்பாற்றிவிடவில்லை. மாராவின் மார்ஷ் சிங்கக் கூட்டம் பிபிசி தொலைக்காட்சித் தொடரால் உலகப் புகழ் பெற்றது. 2015 டிசம்பரில், மாடுகளைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் யாரோ இறைச்சியில் நஞ்சு கலந்து வைத்தபோது, தொடரைப் பார்த்தவர்களுக்கெல்லாம் பரிச்சயமான பிபி என்ற பெண்சிங்கமும் செத்தது. ஆப்பிரிக்கா முழுவதிலும் இன்று காட்டில் எஞ்சியிருப்பவை இருபதாயிரத்துச் சொச்சம். பழைய வாழிடத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பறிபோய்விட்டது. மாராவைச் சுற்றியுள்ள காப்பு நிலங்களில் மாசாய் குடும்பங்களுக்குச் சுற்றுலா நிறுவனங்கள் நிலக் குத்தகை கொடுக்கின்றன. 2007 முதல் கென்யாவின் வேறொரு பகுதியில் மாசாய் இளைஞர்களே சிங்கக் காவலர்களாகச் சம்பளம் வாங்குகிறார்கள். சிங்கத்தைப் பார்க்க நாம் கொடுக்கும் பணம் மாடு வைத்திருப்பவர் கைக்குப் போய்ச் சேரும்போதுதான் அந்தப் பார்வைக்குப் பயன் உண்டு. மாராவுக்குக் குழு அனுப்பும் முகவர்கள் விடுதிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, குத்தகை யாருக்கு, எவ்வளவு என்பதைத்தான்.

நம் மழைக்காட்டில் இந்த வழி செல்லாது. 1998 முதல் 2001 வரை காயே கவானிஷி தாமான் நெகாராவில் தானியங்கிக் கேமராக்கள் வைத்து ஆராய்ந்தபோது, நூறு சதுர கிலோமீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு புலிகளே இருப்பதாகக் கணக்கிட்டார். அதுவே இன்றைவிட நல்ல காலம். 1950களில் தீபகற்பத்தில் 3,000 புலிகள் இருந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 2008இல் வகுத்த தேசியச் செயல்திட்டம், 2020க்குள் ஆயிரம் புலிகள் என்று இலக்கு வைத்தது. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு சொன்னதோ 150க்கும் குறைவு. இந்த நிலையில் விளம்பரத் தாளில் புலிப் படம் போட்டு ஆள் சேர்ப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். கேட்டவருக்குக் காட்டியே தீர வேண்டும் என்று உப்புத்தரைகளில் இரை வைப்பதும், ஒலிபெருக்கியில் அழைப்பொலி போடுவதும், இரவில் விளக்கடிப்பதும் அதே பொய்யின் அடுத்தடுத்த படிகள்.

காட்ட வேண்டியது தடத்தை. பாலாக் லாரி ஓடி நின்றுபோன பழைய மண்சாலையின் ஓரத்தில் பயணிகளை உட்கார வையுங்கள். பின்கால்களால் சருகை வாரித் தள்ளிய இரண்டு இணைகோடுகள் இருக்கும். கோட்டின் முடிவில் சிறு குவியல். குனிந்தால் மூக்கில் ஏறும் நெடி. பக்கத்து ஈரமண்ணில் நான்கு விரல் பதிந்த தடம், நகம் பதிந்திருக்காது. நாயாக இருந்தால் விரல் நுனியில் நகம் குத்தியிருக்கும். கேமரா வைக்கும் முறையையும் அங்கேயே விளக்கலாம். பாதையின் இருபுறத்து மரங்களில், முழங்கால் உயரத்தில், எதிரெதிராக இரண்டு பெட்டிகள். புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் படமெடுத்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடுவோம். வரிகளை வைத்துப் புலியை எண்ணும் இந்த முறையை 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் நிலைநாட்டியவர் உல்லாஸ் காரந்த். அவருடைய புலி நூலைத் தியடோர் பாஸ்கரன் ‘கானுறை வேங்கை’ என்று தமிழில் தந்திருக்கிறார். பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் அதைக் கட்டாய வாசிப்பாக வைக்கலாம்.

அதே மண்சாலையில் இன்னொன்றும் கண்ணில் படக்கூடும்: கம்பிக் கண்ணி. மெல்லிய எஃகுக் கம்பியைச் சுருக்குப் போட்டு, வளைத்த இளமரத்தில் கட்டி, மேலே சருகு தூவிவிடுவார்கள். மான், பன்றி, கரடி, புலி என்று அது பேதம் பார்ப்பதில்லை. அறுத்துக்கொண்டு ஓடிய விலங்கும் கால் அழுகிச் சாகும். வைத்தவன் திரும்பி வந்து பார்க்கும் வரை எந்தச் சத்தமும் இல்லை. ஆகவே ஆள் நடமாட்டமில்லாத பாதைதான் அவனுக்கு வசதி. நம் தொழிலுக்குக் காட்டில் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. தித்திவங்சா மலைத்தொடருக்கும் தாமான் நெகாராவுக்கும் இடையே எஞ்சிய காட்டு இணைப்பு பகாங்கின் சுங்கை யூ. அதற்காகக் கோல லிப்பிஸ்–குவா மூசாங் சாலையில் விலங்குகள் அடியில் கடந்துபோகும்படி மேம்பாலங்களே கட்டினார்கள். 2010 முதல் அங்கே புலிப் பாதுகாப்புக்கான மைகேட் கூட்டமைப்பு பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறது. சாதாரண ஆட்கள், வார இறுதியில், பயிற்சி பெற்றவர்களின் துணையோடு. வழக்கமாக ஆள் வந்துபோகும் பாதையில் கண்ணி வைக்க வேட்டைக்காரன் தயங்குவான். புலியைப் பார்க்காமலேயே புலிக்கு உதவுகிற சுற்றுலா இது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதிகபட்சத் தண்டனை பத்து லட்சம் ரிங்கிட் அபராதமும் 15 ஆண்டுச் சிறையும். சட்டத்தைக் காட்டுக்குள் கொண்டுபோகத்தான் கால்கள் வேண்டும். முன்னாள் இராணுவத்தினரும் பூர்வகுடி மக்களும் சுற்றுக்காவலில் சேர்க்கப்பட்டிருப்பது அதற்காகத்தான். பணத்துக்கும் வழி திறந்திருக்கிறது. நிலமும் காடும் மாநில அரசுகளின் கையில். மரம் வெட்டினால் வருமானம், வெட்டாவிட்டால் ஒன்றுமில்லை என்ற நிலையை மாற்ற, காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு 2019 முதல் சூழலியல் நிதி வழங்குகிறது. அப்போது ஒதுக்கியது 60 மில்லியன் ரிங்கிட். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 250 மில்லியன். மாராவில் பயணி கொடுக்கும் குத்தகையை இங்கே வரிசெலுத்துவோர் கொடுக்கிறார்கள். பகாங் 2023இல் தாமான் நெகாராவை ஒட்டி ஏற்படுத்திய அல்-சுல்தான் அப்துல்லா அரச புலிக் காப்பகம், மாநிலங்கள் மனம் வைத்தால் முடியும் என்பதற்குச் சான்று. தேர்தல் நேரத்தில் சட்டமன்ற வேட்பாளரிடம் இதைக் கேட்கத் தெரிந்த வாக்காளர்களை உருவாக்குவதும் வழிகாட்டியின் வேலைதான்.

காட்டோரத்தில் வாழ்கிறவர்களின் பயத்தை நாம் லேசாகப் பேசிவிடக் கூடாது. 2021 இறுதியில் தீபகற்பத்தை எட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகளை வாரிக்கொண்டு போனது. மான் ஏற்கெனவே அருகியிருந்தது. 2023 இறுதியில் குவா மூசாங் வட்டாரத்தில் அடுத்தடுத்து மனிதர்கள் புலி தாக்கி மாண்டார்கள். விடியுமுன் பால்மரம் சீவப் போகிறவனிடம் புலியின் பெருமையைப் பேசி என்ன பயன்? நம் பாட்டன்மார் தோட்டத்தில் நின்ற அதே இருட்டில்தான் இன்று வெளிநாட்டுத் தொழிலாளி நிற்கிறான். ‘ஊருக்குள் புலி’ என்று எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாத காணொளிகளைப் புலனத்தில் தள்ளிவிடுவதை நம் குழுக்களாவது நிறுத்த வேண்டும். அந்தப் பயம் கடைசியில் துப்பாக்கியில்தான் போய் முடிகிறது.

தொழிலில் இருப்பவர்கள் உடனே கைக்கொள்ள வேண்டியவை சில. புலி தெரியும் என்று எந்தத் தொகுப்பிலும் எழுதாதீர்கள். தடத்தின் படத்தை வெளியிடுமுன் இடக்குறியீட்டை நீக்குங்கள். பின்னணியில் அடையாளம் தெரியும் மலையோ பலகையோ இருந்தால் படமே வேண்டாம். கண்ணியைக் கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அன்றே பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள். பயணிகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பேருந்தில் திரும்பும்போது புலிநகச் சங்கிலி பற்றியும் பேசுங்கள். பிள்ளைக்குப் புலிநகம் கட்டுவது நம்மவர்களுக்குப் பழைய ஆசை. கடையில் கிடைப்பது போலியாகவே இருந்தாலும், ஆசை உயிரோடு இருக்கும்வரை அசலுக்கும் விலை இருக்கும். புலி அருகியதும் புலி உறுப்புகளின் சந்தை சிங்கத்தின் பக்கம் திரும்பியது. 2017இல் மட்டும் 800 கூண்டுச் சிங்கங்களின் எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய தென்னாப்பிரிக்கா அனுமதித்தது. அவை போய்ச் சேர்வது ஆசியாவுக்கு. ஆகவே, சிங்கக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் பண்ணைகளை நம் பயணத் திட்டங்களிலிருந்து அறவே நீக்க வேண்டும். கொஞ்சப்பட்ட குட்டி வளர்ந்து எங்கே போகிறது என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பூச்சோங்கின் அடுக்குமாடிகளை ஒட்டியே ஆயர் ஈத்தாம் வனக் காப்பகம் இருக்கிறது. 1996 முதல் புத்ரா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. 1906இல் அறிவிக்கப்பட்டபோது 4,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த காடு, இன்று சுமார் 1,200. நான்கு புறமும் சாலையும் வீடும் சூழ்ந்த இந்தத் துண்டில் புலி வாழ முடியாது. ஆனால் பன்றித் தடத்தை நாய்த் தடத்திலிருந்து பிரித்தறியவும், நேற்றைய சுவட்டை இன்றையதிலிருந்து பிரித்தறியவும் இது போதும். இணைப்பு அறுந்தால் ஒரு காடு என்னவாகும் என்பதையும் புதிய வழிகாட்டிகள் இங்கே கண்ணாரக் காணலாம். சுங்கை யூவுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று வாதாட, இதைவிட நல்ல சான்று வேண்டாம். முறையாக அனுமதி பெற்று, புதியவர்களின் முதல் களப்பயிற்சியை இங்கே வைப்போம்.

எங்கள் பங்குக்கு ஒரு மாற்றம் செய்கிறோம். அடுத்த இதழிலிருந்து மலேசியக் காடுகளுக்கான ‘காட்சிப் பதிவு’ பகுதி நிறுத்தப்படுகிறது. அந்த இடத்தில் ‘நடைப் பதிவு’ வரும். நடந்த தேதி, தூரம், உடன் வந்தவர் எண்ணிக்கை, கண்ட தடம், கண்ட கண்ணி, தெரிவித்த அலுவலகம் ஆகியவற்றை எழுதுங்கள். பாதையின் பெயரை எழுத வேண்டாம். ஒன்றும் காணாத நடையும் அச்சேறும், ஏனென்றால் ஒரு பாதையில் கண்ணி இல்லை என்பதும் காவலுக்குப் பயன்படும் தகவலே. முதல் பதிவுகள் இந்த மாத இறுதிக்குள் எங்களுக்கு வந்து சேர வேண்டும்.