ஆளில்லா ரயிலும் ரோஸ்டரும்

ஓட்டுநர் இல்லாமல் ரயில் ஓடப்போகிறது என்றதும் ஊர் வாயைப் பிளக்கிறது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அத்தனையும் ஓட்டுநரில்லா வண்டிகளுக்காகக் கட்டப்படுவது. 2025 மார்ச்சில் பூந்தமல்லிப் பக்கம் சோதனை ஓட்டமும் விட்டுப் பார்த்தாச்சு. நம்ம பக்கத்துக்குத் திட்டமிட்டிருப்பது விமான நிலையம் - கிளாம்பாக்கம் பாதை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாக 15.46 கி.மீ., 13 நிலையங்கள், மதிப்பீடு 9,335 கோடி. இது முதல் கட்டத்தின் நீட்சி. 2016இல் விமான நிலையம் வரை வந்த அந்தப் பாதையில் ஆள்தான் உட்கார்ந்து போகிறார். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

எந்திரத்துக்கு நான் எதிரியில்லை தோழர்களே. இராட்டையைப் பாடுகிறவர்களுக்கு எதிராக, எந்திரம் வேண்டும் என்று வாதாடியவர் அம்பேத்கர். ஆனா ஒண்ணு கேட்கணும். மலக்குழிக்குள் மனிதனை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும் ஆள் இறங்குகிறான், சாகிறான். அங்கே வராத எந்திரம், கண்ணாடி அறையில் கௌரவமாக உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மட்டும் எப்படி முதலில் வருகிறது?

1943இல் அரசுப் பணியில் நமக்கு 8.33 சதவீதம் என்று உத்தரவு வந்தது. பிறகு 15 ஆனது. சேரியிலிருந்து முதல் சம்பளக்காரன் கிளம்பிய வீடுகளில் பாதிக்கு மேல் ரயில்வே வீடுகளாகத்தான் இருக்கும். தாம்பரத்தில் எந்தத் தெருவிலும் நான்கு பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ரோஸ்டர் இருந்தது, ஆள் எடுத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம். இப்போது இரண்டாம் கட்டத்தை ஓட்டிப் பராமரிக்க 12 ஆண்டுக்கு, 5,870 கோடிக்கு, டெல்லி மெட்ரோவிடம் ஒப்பந்தம். பெருக்குவது, கழுவுவது, காவல் காப்பது எல்லாம் ஏஜென்சிக்காரன் கையில். ஏஜென்சிக்கு ஏது ரோஸ்டர்? துடைப்பம் பிடிக்க மட்டும் யாரைத் தேடி வருவான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆளில்லா ரயில் என்றால் ஆளே கூடாது என்பதும் பொய். லண்டன் டாக்லேண்ட்ஸ் ரயில் 1987லிருந்து ஓட்டுநர் அறை இல்லாமல் ஓடுகிறது, 2005லிருந்து சிட்டி விமான நிலையத்துக்கும் போகிறது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பணியாளர் இருக்கிறார். கதவைப் பார்ப்பார், வயசானவங்களுக்கு உதவுவார், தேவைப்பட்டால் கையாலும் ஓட்டுவார். பாரிசில் முதலாம் வழித்தடம் 2012இல் முழுக்கத் தானியங்கியானபோது பழைய ஓட்டுநர்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். அங்கே சங்கம் கேட்டது.

மாணவத் தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மெட்ரோ நிறுவனத்துக்கு மனுப் போடுங்கள். நிரந்தரப் பணியிடம் எத்தனை, அதில் பட்டியல் சாதி, பழங்குடி எத்தனை, காலியாக வைத்திருப்பது எத்தனை. கட்டுப்பாட்டு அறையில் யார் இருக்கிறார்கள், யார் சம்பளம் கொடுக்கிறார்கள். கிளாம்பாக்கம் பாதைக்கு நிலம் எடுக்க மட்டும் 1,964 கோடி ஒதுக்கினார்களே, அதில் குடிசை போகிறவர்கள் எவ்வளவு பேர், அவர்களுக்கு எங்கே இடம். பதில் வந்ததும் நகல் அனுப்புங்கள், அடுத்த இதழில் அப்படியே போடுவோம்.