வாயை மட்டும் அசை

ஆண்டுவிழாவில் சுருதி சேராத பிள்ளையைப் பின்வரிசைக்கு அனுப்பி, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று காதோடு சொல்லும் பழக்கம் இசை சொல்லிக்கொடுக்கும் எங்களில் பலருக்கு உண்டு. பெற்றோர் கைபேசியில் படம் பிடிப்பார்கள். பிள்ளையும் பாடுவதுபோலவே தெரியும். இதற்கு ஒழுங்கு என்று பேர் வைத்திருந்தோம்.

மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டுமென்றால், அவரும் வயலின்காரரும் இடம் மாறி உட்கார வேண்டும். விஷயம் அவ்வளவுதான். அதற்கே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவருக்காக நின்றார். இந்தக் கதையை வகுப்பில் உருகி உருகிச் சொல்வோம். சொல்லிவிட்டு, பார்வையில்லாத பிள்ளைக்கு ஆதி தாளத்தை எட்ட உட்கார்ந்து கையால் காட்டுவோம். தட்டு காதில் விழும். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணுவதும், வீச்சில் கை புரள்வதும் அவளுக்கு எப்படித் தெரியும்? அவளைக் கேட்டுக்கொண்டு, கைமேல் கை வைத்து நாலு ஆவர்த்தனம் போட்டால் போதும். நாங்களோ, "இவர்களுக்கு ஞானம் தானாக வரும்" என்று பாராட்டி நழுவினோம்.

காது கேளாத பையனை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் கை வைத்தால் அதிர்வு உள்ளங்கையில் ஏறும் என்பது அதைத் தொட்ட எவருக்கும் தெரியும். ஸ்காட்லாந்தின் எவலின் க்ளென்னி வெறுங்காலோடு நின்று அதிர்வை உடம்பில் வாங்கித் தாளவாத்தியம் வாசிப்பதைக் காணொளியில் பார்த்துக் கைதட்டியவர்களும் நாங்கள்தான்.

ஜால்ரா சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்ட ஆட்டிசக் குழந்தையை வெளியே உட்காரவைத்தோம். ஜால்ராவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை நாலு பேராகத் தூக்கி மேடையேற்றியதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தோம். தூக்குவது அவளுக்குச் சம்மதமா என்று கேட்டதில்லை. சாய்தளம் போடச் சொல்லி சபாக்காரர்களிடம் ஒரு கடிதம்கூடக் கொடுத்ததில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில், கலைப் பாடங்களை அவர்களும் பங்கேற்கும்படி திருத்தியமைக்கச் சொல்கிறது. அது சர்க்காருக்குச் சொன்னது என்று ஒதுங்கிக்கொண்டோம். சரளி வரிசையை மூன்று காலமும் பாடாதவர் ஜண்டை வரிசைக்குப் போகக் கூடாது என்பதை மட்டும் சட்டம்போலக் காத்தோம்.

விஜயதசமிச் சேர்க்கைக்குப் படிவம் அச்சுக்குப் போகிறது. 'குரல் தேர்வு உண்டு' என்ற வரியை இன்னும் யாரும் அடித்து நீக்கவில்லை.