வறட்சிக்கு அசையாத கள்ளி உப்பிடம் தோற்றது

வறட்சியைத் தாங்கும் செடி உப்பையும் தாங்கிவிடும் என்ற எண்ணம் விவசாயிகள் பலரிடம் உண்டு. அது தவறு என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மறைந்துபோன மரக்கள்ளி ஒன்றே போதிய சான்றாகும்.

கீ லார்கோ தீவில் வளர்ந்த இக்கள்ளி, வேலிகளில் காணும் பால் வடியும் திருகுகள்ளியோ சதுரக்கள்ளியோ அல்ல. சப்பாத்திக்கள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. 20 அடிக்கு மேலும் மரம்போல் உயரக்கூடியது. பூண்டு வாசனை வீசும் வெளிர்நிறப் பூக்களை நாடி இரவில் வௌவால்கள் வரும். கியூபாவின் வடபகுதியிலும் பஹாமாஸ் தீவுகளிலும் இன்னும் சிறிதளவு உண்டு. அமெரிக்காவிலோ அலையாத்திக் காடு சூழ்ந்த ஒரே ஒரு சுண்ணாம்புப் பாறை மேட்டில் மட்டுமே, 1992-ல் கண்டறியப்பட்டது.

தண்டில் நீரைச் சேர்த்து வைப்பதால் மழை பொய்த்தாலும் இது பிழைக்கும். ஆனால் வேரடியில் உப்பு மிகுந்தால், மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. அதுதான் அங்கு நடந்தது. கடல் மட்டம் உயர்ந்துவர, புயல் அலையும் பெரும் ஓதமும் மேட்டின் மண்ணையும் மக்கையும் அரித்துச் சென்றன. உவர் நிலத்தில் மட்டும் இருந்துவந்த செடிகள் மெல்ல மேடேறின. 2015-ல் சிறு விலங்குகள் கள்ளியைக் கடித்துக் குதறின. குடிக்க நன்னீர் கிடைக்காததே காரணமாயிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. 2017-ல் வீசிய இர்மா புயலில் கடல் 5 அடி பொங்கியது. தீவின் மிக உயரமான இடமே 15 அடிதான்! சுமார் 150 தண்டுகள் இருந்த இடத்தில் 2021-ல் நலிந்த 6 துண்டுகளே மிஞ்சின.

பழியைப் புயல்மேல் போடுவது எளிது. ஆனால் உவர்ச்செடிகள் மேடேறியதே முதல் எச்சரிக்கை. கடலோர விவசாயிகள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கடற்கரைக் கிணறுகளில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும். வரப்பில் உமரி தலைகாட்டி, பயிரின் இலை நுனியும் கருகினால், உரக்குறை என்றெண்ணி யூரியாவைக் கொட்டுவது வீண் செலவு. கோடையில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும். அந்த எண் ஆண்டுக்காண்டு ஏறுகிறதா என்று பார்ப்பதே முக்கியம். ஒருமுறை பார்த்துவிட்டுச் சீட்டைப் பரணில் போடுவதால் பயனில்லை.

எஞ்சிய துண்டுகளை ஃபேர்சைல்டு தாவரவியல் பூங்காவினர் வெட்டியெடுத்து வேறிடத்தில் வளர்க்கின்றனர். அதற்கு முன்பே சில கிளைகளையும் அவர்கள் எடுத்து வைத்திருந்தது நல்லதாயிற்று. மீண்டும் காட்டில் நடும் யோசனையும் உண்டு. பழைய மேட்டில் நட்டுப் பயனில்லை. உப்பு எட்டாத வேறு மேடு அத்தாழ்ந்த தீவுகளில் கிடைப்பதுதான் அரிது.