எடைக்கு விற்பதா, பொருளாக விற்பதா?

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் பழமொழி. ஆனால், வீட்டின் பின்கோடியிற் கிடக்கும் பழைய பாத்திரங்களுக்கும் இயந்திரங்களுக்கும் இவ்விதி பொருந்துவதில்லை. பயன்படும் பொருளாக நிற்கும்வரை அவற்றுக்கு ஒரு விலை. உடைத்து நிறுக்கப்படும்போது வேறொரு விலை. இவ்விரு விலைகளுக்குமுள்ள வேறுபாட்டை அறியாமையாற் பல குடும்பங்கள் கைப்பொருளை இழந்து நிற்கின்றன.

முன்னாளில் இத்தகைய பொருள்களை விற்பதற்கு வழிகள் சிலவே இருந்தன. "பழைய இரும்பு, பித்தளை, போத்தல்" எனக் கூவியவாறு சைக்கிளிலோ சிறு லொறியிலோ வருபவரிடம் கொடுக்கலாம். அன்றேல், நாமே இரும்புக் கடைக்குக் கொண்டு சென்று நிறுக்கலாம். இன்றோ, கைத்தொலைபேசியிற் படம் பிடித்து இணையத்தில் விளம்பரமாக இட்டால், யாழ்ப்பாணத்துப் பொருளுக்குக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் விலை கேட்கின்றனர். ஆகவே, "இணையத்தில் விற்பது நன்றா, ஊர்க் கடையில் விற்பது நன்றா?" என்னும் வினா இல்லந்தோறும் எழுந்துள்ளது.

இவ்வினாவுக்கு விடை காணுமுன் வேறொரு வினாவை நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். இப்பொருளை வாங்குபவர் இதனை உருக்கப் போகின்றாரா, பயன்படுத்தப் போகின்றாரா? உருக்குவதற்குரியதாயின் ஊர்க் கடையே ஏற்றது. எவரேனும் எடுத்துப் பயன்படுத்தக் கூடியதாயின் இணையமே ஏற்றது. சுருங்கக் கூறின் விடை இவ்வளவே. இதற்கான காரணங்களைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலாவதாக, உலோகத்தின் விலை எங்கே பிறக்கின்றது? கடைக்காரர் தாம் நினைத்தவாறு விலை கூறுகின்றார் என எண்ணுவோர் பலர். செம்பு, அலுமினியம், ஈயம், துத்தநாகம் முதலியவற்றுக்கு 1877ஆம் ஆண்டிற் தொடங்கப்பெற்ற இலண்டன் உலோகச் சந்தையின் விலையே உலகெங்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. அவ்விலை அமெரிக்க டொலரிற் குறிக்கப்படுவது. எனவே, நமது ரூபாவின் மதிப்பு வீழ்ந்தால், உலகச் சந்தை அசையாதிருப்பினும் இங்கே செம்பின் விலை ஏறும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாக உயர்ந்தமை யாவரும் அறிந்ததே. ஆதலால், கடந்த ஆண்டு அயலவர் பெற்ற விலையை மனத்தில் வைத்து இன்று பேரம் பேசுதல் பயனற்றது. அன்றன்றைய விலையை இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தலே முறை.

வீட்டுக்கு வரும் வியாபாரி, ஊர்க் கடைக்காரர், இணையத்தில் விலை கேட்பவர் ஆகிய மூவரும் உடைந்த இரும்பை ஈற்றில் ஏதோவோர் உருக்காலைக்கே அனுப்புகின்றனர். ஆலை கொடுக்கும் விலையிலிருந்து தத்தம் ஏற்றுகூலியையும் ஊதியத்தையும் கழித்த பின்னரே நமக்குத் தருவர். ஆதலால், துருப்பிடித்த தகரத்துக்கும் கம்பிக்கும் இணையத்தில் எவரேனும் பெருவிலை கூறினால், மகிழ்வதற்கு முன் ஐயுறுதல் நன்று.

கணக்குக்காக ஓர் உதாரணம் கொள்வோம். உங்களிடம் 40 கிலோ இரும்பு உண்டு. ஒரு கடைக்காரர் கிலோவுக்கு 100 ரூபா என்கின்றார். உங்களுக்குக் கிடைப்பது 4,000 ரூபா. மற்றொருவர் 105 ரூபா என்கின்றார். ஆனால், அவரது தராசு 38 கிலோவையே காட்டுகின்றது. கிடைப்பது 3,990 ரூபா. இணையத்தில் வேறொருவர் 110 ரூபா தருவதாகக் கூறுகின்றார். பொருளை நீங்களே கொண்டுசெல்ல முச்சக்கர வண்டிக்கு 600 ரூபா வேண்டும். மிஞ்சுவது 3,800 ரூபா. மிகக் கூடிய விலை கூறியவரிடமே மிகக் குறைந்த தொகை கிடைத்தது! விலையை மட்டும் பாராது, நிறையையும் கூலியையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும் என்பதற்கு இக்கணக்கே சான்று.

வியாபாரத்திற் பயன்படும் தராசுகள் சோதிக்கப்பெற்று முத்திரையிடப்படல் வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். முத்திரை உண்டா எனப் பணிவுடன் கேட்பதில் நாணமொன்றுமில்லை. வீட்டிலேயே சோதிக்க எளிய வழியும் உண்டு. வெறும் வாளியைத் தராசில் நிறுத்துவிட்டு, அதில் 10 லீற்றர் நீரை அளந்து ஊற்றி மீண்டும் நிறுத்தால், வேறுபாடு 10 கிலோவாக இருத்தல் வேண்டும்.

அடுத்து, தரம் பிரித்தல். கலந்து கிடக்கும் குவியலுக்கு அதிலுள்ள மலிந்த உலோகத்தின் விலையே மதிக்கப்படும். இரும்போடு பித்தளைக் குழாயைச் சேர்த்துக் கொடுப்பவர் பித்தளையை இரும்பின் விலைக்கே விற்றவராவார். காந்தம் ஒன்றைக் கையில் எடுங்கள், ஒட்டுவது இரும்பு. செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் ஆகியவை ஒட்டா. எவர்சில்வர் வகைகளிற் பலவும் ஒட்டா. ஆகையாற் காந்தம் ஒன்றே முடிவான சோதனையன்று.

மாணவர்கள் இங்கே தாம் பள்ளியிற் கற்ற விஞ்ஞானத்தைப் பெற்றோருக்குப் பயன்படச் செய்யலாம். பொருளின் நிறையைக் கிராமில் அறிந்து, அதனை நீரில் அமிழ்த்தி, இடம்பெயரும் நீரை மில்லிலீற்றரில் அளந்து, முன்னதைப் பின்னதாற் பிரித்தால் அதன் அடர்த்தி தெரியும். அலுமினியத்துக்கு 2.7, இரும்புக்கு 7.9, பித்தளைக்கு ஏறத்தாழ 8.5, செம்புக்கு 8.9, ஈயத்துக்கு 11.3 என விடை வரும். பித்தளைக்கும் செம்புக்கும் எண்கள் நெருங்கியிருப்பினும், மஞ்சளும் செம்மையுமாகிய நிறம் அவற்றை வேறுபடுத்திக் காட்டும்.

இனி, பயன்படும் பொருளின் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்து இல்லங்களில் ஒருகாலத்தில் மூக்குப்பேணியிலேயே தேநீரும் மோரும் அருந்தினர். உதடு படாமல் ஊற்றிக் குடிப்பதற்கு வாய்ப்பாக மூக்கு வைத்த பேணி அது. இடப்பெயர்வினாலும் வறுமையினாலும் இத்தகைய பேணிகளும் குத்துவிளக்குகளும் வெற்றிலைத் தட்டங்களும் பித்தளை எடைக்கே விற்கப்பட்டன. இன்று அவற்றைத் தேடி வாங்குவோர் உளர். அவர்கள் கொடுப்பது வேலைப்பாட்டுக்கும் பழைமைக்கும் உரிய விலை. தராசு இதனை அறியாது. பேணியின் விலையைச் சொல்லக்கூடியவர் அதனை விரும்புபவரே. அத்தகையவர் நம் தெருவில் இல்லாதிருக்கலாம். அவரைக் கண்டுபிடித்துத் தருவதே இணையத்தின் பெரும் பயன்.

ஒஸ்ரின் ஏ 40 மோட்டார் வண்டியும் இவ்வாறானதே. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், பெற்றோல் அரிதாயிருந்த யாழ்ப்பாணத்தில், இவ்வண்டிகள் மண்ணெண்ணெயால் ஓடி நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன. அத்தகைய வண்டியை இரும்பாக நிறுப்பவர், உதிரிப்பாகங்களைத் தேடும் ஆர்வலர் தரக்கூடிய விலையை இழப்பது உறுதி. பழுதான நீரிறைக்கும் இயந்திரமும் தையல் இயந்திரமும் அவ்வாறே. திருத்துவோர்க்கு அவை உதிரிப்பாகங்களின் களஞ்சியம்.

இணையத்தில் விற்கப் புகுவோர் சில எச்சரிக்கைகளை மறத்தலாகாது. பொருளின் நீளத்தையும் நிறையையும் குறையையும் ஒளியாது எழுதுங்கள். "பணம் அனுப்பிவிட்டேன்" எனக் காட்டப்படும் பற்றுச்சீட்டின் படத்தை நம்பாது, உங்கள் வங்கிக் கணக்கிற் பணம் சேர்ந்ததை நீங்களே கண்டபின் பொருளைக் கொடுங்கள். பணம் பெறுபவர் எவருக்கும் இரகசிய இலக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அதனைக் கேட்பவர் வாங்க வந்தவரல்லர். முன்பின் அறியாதவரை வீட்டில் தனித்திருக்கும் முதியவரிடம் வரவிடாது, பகலில், பலர் கூடும் இடத்திற் சந்தியுங்கள்.

பணத்திலும் பெரிய விடயமொன்று உண்டு. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரும் வன்னி மண்ணில் வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன. பழைய இரும்பு என எண்ணி அவற்றை எடுத்தும் வெட்டியும் உயிரிழந்தோரும் அவயவம் இழந்தோரும் உளர். ஐயத்துக்கிடமான உலோகம் எதனையும் தொடாதீர்கள். கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். சிறுவர்களை இரும்பு பொறுக்க அனுப்புதல் எக்காரணத்தாலும் தகாது. செம்புக் கம்பியின் உறையை எரித்து நீக்கினால் நச்சுப் புகை எழும்; உறையுடனேயே கொடுங்கள், விலை சற்றுக் குறையினும் சுவாசம் தப்பும். பழைய பற்றரியை வீட்டில் உடைப்பின் அதன் ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

களவுப் பொருளை அறிந்து வாங்குவது சட்டப்படி குற்றம். ஆகவே, விற்பவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பதிவு செய்யும் கடைக்காரர்மீது சினங்கொள்ள வேண்டாம். நேற்றிரவு அயலவர் கிணற்றடியில் மறைந்த மோட்டாரை இன்று வாங்க மறுப்பவரும் அவரே. அவ்வாறான கடையையே தெரிந்தெடுத்தல் நம் கடமையாகும்.

அடுத்த முறை வீதியிற் கூவும் குரல் கேட்கும்போது உடனே ஓடாதீர்கள். முந்திய நாளே குவியலை மூன்றாகப் பிரித்து வைத்திருங்கள். உருக வேண்டியவை ஒரு புறம். இன்னொருவர் கையில் உழைக்கக் கூடியவை மறு புறம். மூன்றாவது சிறு குவியலில், பாட்டியின் மூக்குப்பேணி போன்று விற்பதா வேண்டாமா என்பதை வீட்டார் கூடியிருந்து முடிவு செய்ய வேண்டியவை இருக்கட்டும். உருக்கிய பேணியை எந்த விலை கொடுத்தும் மீட்க இயலாது.