கிரகணம் புடிச்சது யாருக்கு?

2022 தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 25 சாயங்காலம், ஒரு சூரிய கிரகணம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா மக்களே? எங்க அக்கா அப்போ ஏழு மாசம். மாடியில காயப்போட்ட துணியை எடுக்கப் போனா. அவ்வளவுதான் அவ செஞ்ச குத்தம். டிசம்பர்ல பையன் பொறந்தான். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு ஓட்டை, குடல் வெளியே. "கிரகணத்துல வெளிய போனா வேற எப்படிப் பொறக்கும்?"னு ஆஸ்பத்திரி வராண்டாவுலயே தீர்ப்பு எழுதிட்டாங்க எங்க சொந்தக்காரங்க.

அய்யா சாமிகளா, நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்ல. ஆனா ஒரு பக் எப்போ உள்ள வந்துச்சுன்னு தேடுறதுதான் என் பொழப்பு. கருவோட வயித்துச் சுவர் உருவாகுறது முதல் மூணு மாசத்துலயே முடிஞ்சிடுது. அக்கா கணக்குல அது ஜூன் மாசம். ஜூன்லயே வந்துட்ட பக்குக்கு அக்டோபர் கிரகணத்தைக் குத்தம் சொல்றது எந்த ஊர் டீபக்கிங்?

இந்தக் குறைக்குப் பேர் காஸ்ட்ரோஸ்கைசிஸ். காரணம் இன்னும் முழுசாத் தெரியல. இருபது வயசுக்குள்ள தாயாகிறவங்களுக்கு அதிகம் வருதுங்கறது தெரியும். கிரகணத்துக்கு இதுல வேலையே இல்ல.

எல்லாரும் ஓட்டையைத்தான் பார்த்தாங்க. நிஜமான சிக்கல் குடல்ல. ஓம்ஃபலோசீல்னு இன்னொரு வகை இருக்கு, அதுல குடலை மூடி ஒரு சவ்வாவது இருக்கும். இதுல அதுவும் கிடையாது. குடல் மாசக்கணக்கா பனிக்குட நீர்லயே ஊறித் தடிச்சு, வீங்கி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பத்துல ஒரு குழந்தைக்கு குடல் நடுவுல எங்கயாவது அடைஞ்சே இருக்கும். சிலருக்கு முறுக்கிக்கிட்டு, ரத்தம் போகாம அழுகிடும். நிறைய வெட்டி எடுக்க வேண்டி வந்தா, மிச்சக் குடல் சாப்பாட்டை உறிஞ்சப் பத்தாது.

எங்க பையனுக்கு அந்த அளவுக்குப் போகல. குடலை ஒரு பையில போட்டுத் தொங்கவிட்டு, ஆறு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறக்கித் தச்சாங்க. "அதான் தச்சாச்சே, இன்னும் ஏன் பட்டினி போடுறாங்க?"ன்னு சேனை வைக்க சர்க்கரைத் தண்ணியோட கிளம்பி வந்துச்சு ஒரு பெரியம்மா. வயித்துல போட்ட குழாய்ல பச்சையா பித்தம் வந்துக்கிட்டே இருக்கு. குடல் இன்னும் முழிக்கலன்னு அர்த்தம். இருபத்து நாலு நாள் ரத்தக்குழாய் வழியாத்தான் சாப்பாடு. அதுலயும் கிருமி தொத்தும், கல்லீரல் கெடும்னு தினமும் பயம். அப்புறம் அக்கா பீச்சிக் கொடுத்த பால், முதல் தடவை 2 மில்லி. அதுக்கே அழுதுட்டோம்.

இப்போ கோபத்துக்கு வர்றேன். அஞ்சாம் மாச ஸ்கேன்ல இது பெரும்பாலும் தெரிஞ்சிருக்கும். "அடிக்கடி ஸ்கேன் எடுத்தா புள்ளைக்கு ஆகாது"ன்னு தடுத்தது இதே வராண்டா நீதிபதிகள்தான். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நானும் "பெரியவங்க கூட எதுக்கு வம்பு"ன்னு வாயை மூடிக்கிட்டேன். அதனால குழந்தைகள் சர்ஜன் இல்லாத ஆஸ்பத்திரியில பிரசவம், மூணு மணி நேரம் ஆம்புலன்ஸ். அங்க இருந்த ஒரு நர்ஸ் குடலைச் சுத்தமான பிளாஸ்டிக்கால மூடி, சூடு குறையாமப் பார்த்து, டிரிப் போட்டு அனுப்பினதாலதான் இன்னிக்கு இந்தப் பதிவை எழுதுறேன்.

2021-ல லான்செட்ல வந்த ஆய்வுப்படி, இந்தக் குறையோட பொறக்குற குழந்தைகள்ல பணக்கார நாடுகள்ல இறக்குறது நூத்துல ரெண்டு பேர் கூட இல்ல. நடுத்தர வருமான நாடுகள்ல சுமார் 32 பேர். ஏழை நாடுகள்ல 90. அமெரிக்காவுல கிரகணமே வரலையா என்ன? வித்தியாசம் ஆகாயத்துல இல்லீங்க. எங்க பிரசவம், எவ்வளவு சீக்கிரம் சர்ஜன், குடல் முழிக்கிற வரைக்கும் தாங்குற கவனிப்பு, இதுலதான் இருக்கு.

வீட்டுல மாசமா யாராவது இருந்தா கிரகணம் எப்போன்னு பஞ்சாங்கத்தைப் புரட்டாதீங்க. 18-லிருந்து 20 வாரத்துக்குள்ள ஸ்கேன் எடுத்தாச்சான்னு கேளுங்க. முக்கியமா, பெத்தவளைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்தாதீங்க.

டிஸ்கி: பையனுக்கு இப்போ மூணு வயசு தாண்டிடுச்சு. போன கிரகணத்துக்கு மொட்டை மாடியில அக்கா மடியிலதான் உக்காந்திருந்தான். பெரியம்மா பின்னூட்டம் எதுவும் போடல.