மனநிறைவை யாருக்குப் போதிக்கிறோம்?

தூத்துக்குடி நகரின் வடபுறத்தை ஒட்டிக் கிடக்கும் மாப்பிள்ளையூரணியைச் சுற்றி உப்பளங்கள் விரிந்துள்ளன. பொழுது புலர்வதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏற ஏற உப்பு வாரிக் கரையில் குவிக்கும் ஆண்களையும் பெண்களையும் அவ்வழியே செல்பவர் யாரும் பார்க்கலாம். உப்பு நீர் அவர்களது பாதங்களை அரிக்கிறது. வெண்மையில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்களைக் கெடுக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுவிடும். வேலையற்ற அந்த மாதங்களைக் கடப்பதற்கென அண்மை ஆண்டுகளில் அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்தத் தொகையைச் சொன்னாலே அவர்களது வாழ்வின் அளவு விளங்கிவிடும்.

இம்மக்கள் ஞாயிறு திருப்பலிக்கு வந்து அமரும்போது நாம் அவர்களுக்குச் சொல்வது என்ன? பொருள் பெரிதன்று, உள்ளதைக் கொண்டு நிறைவடையுங்கள் என்கிறோம். வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் எடுத்துக்காட்டுகிறோம். அதே திருப்பலி முடிந்ததும், அதே ஒலிபெருக்கியில், கப்பலில் அதிகாரியாகச் சேர்ந்த மகனுக்கும், வளைகுடா நாட்டில் பொறியாளர் பணி பெற்ற மகனுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் பொன்னாடை போர்த்திப் பாராட்டுரை வழங்குகிறோம். பொருள் இல்லாதவருக்கு மனநிறைவையும், பொருள் உள்ளவருக்கு மேலும் பொருளையும் போதிக்கும் இந்த வழக்கம் நம் பங்குகள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. யாரும் இதை முரண் என்று உணர்வதாகவே தெரியவில்லை.

நாம் சொல்ல வருவது இதுதான்: பணத்தையும் பதவியையும் இரண்டாவதாக வைத்துத் தம் உள்ளம் நாடும் பணியைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு, பசி தீர்ந்தவருக்கே முதலில் வாய்க்கிறது. அந்த வாய்ப்பு கைக்கு எட்டிய குடும்பங்களே அதைத் தம் பிள்ளைகளுக்கு மறுக்கின்றன. நிறைவைப் பற்றிய நம் மறையுரைகளெல்லாம் தவறான இருக்கைகளை நோக்கிப் பேசப்படுகின்றன.

முந்தைய தலைமுறையின் மீது நமக்கு எக்குறையும் இல்லை. மூச்சை அடக்கிக் கடலுக்கடியில் சங்கு குளித்தவர், பாய்மரத் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றவர், அளத்தில் கூலிக்கு நின்றவர் ஆகியோரின் பிள்ளைகள்தாம் இன்று நம் பங்குகளின் நடுத்தர வகுப்பினர். முத்துக்குளித்துறை என்று உலகமே அறிந்த இக்கரையில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. கடல் தருவது நிச்சயமில்லை என்பதை உடலால் அறிந்த ஒரு தகப்பன், தன் மகன் மாதச் சம்பளத்துக்குப் போகவேண்டும் என்று விரும்பினான். தாய் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துக் கல்லூரிக் கட்டணம் செலுத்தினாள். அந்த ஆசையைப் பேராசை என்று சொல்ல நமக்கு நா எழாது. பசிக்கு அஞ்சியவர்கள் அவர்கள்; அஞ்சுவதற்குக் காரணமும் இருந்தது.

நம் வழக்கு அந்த அச்சத்தின் மீது, அதுவும் காரணம் தீர்ந்த பிறகும் வீட்டைவிட்டு வெளியேற மறுக்கும் அச்சத்தின் மீது. மாடி வீடு எழும்பியாயிற்று. நகரில் மனை வாங்கியாயிற்று. வங்கியில் வைப்புத்தொகை இருக்கிறது. ஆயினும் மூன்றாம் தலைமுறைப் பிள்ளை, "தமிழ் படிக்கிறேன்" என்றோ, "இசை கற்கிறேன்" என்றோ, "சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராகப் போகிறேன்" என்றோ சொன்னால், வீட்டில் இழவு விழுந்தது போல் ஆகிவிடுகிறது. "உன் தாத்தா கடலில் கிடந்து சம்பாதித்தது இதற்கா?" என்று கேட்கிறார்கள். இதற்குத்தான் என்று சொல்ல அந்தத் தாத்தா உயிரோடில்லை.

2010களின் நடுவில் தமிழ்நாட்டில் 500க்கும் மேற்பட்ட பொறியியற் கல்லூரிகள் இருந்தன. அவற்றில் இயந்திரத்தின் மீது சிறிதும் நாட்டமில்லாமல் சேர்ந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. ஆனால் ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு தெருவிலும் உள்ளவர்களுக்கு அது தெரியும். பாடகர் குழுவில் ஆர்மோனியத்தை அத்தனை அழகாக வாசித்த பையன், விருப்பமில்லாப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பாட்டையும் விட்டுவிட்டு, இரண்டும் இல்லாமல் நிற்பதைக் காணாத பங்கு ஏதேனும் உண்டா?

இந்த அச்சத்துக்குத் தீனி போடுவது திருமணச் சந்தை. மாப்பிள்ளையூரணியின் பெயருக்குக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். பெயரில் இருக்கும் மாப்பிள்ளை இன்று இக்கடற்கரை முழுவதுக்கும் பொதுவானவர். அவருக்கு விலை உண்டு. கப்பல் வேலை என்றால் ஒரு விலை, வெளிநாடு என்றால் ஒரு விலை, அரசுப் பணி என்றால் ஒரு விலை. தமிழாசிரியர் என்றால் பெண் வீட்டார் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். மகனுக்கு எது பிடிக்கும் என்று கேட்காமல், மகன் எவ்வளவு பெறுவான் என்று கணக்கிடும் பெற்றோர், பதினேழு வயதிலேயே அவனை ஏலத்துக்குத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். வரதட்சணையைக் கண்டிக்கும் நாம், அந்த விலையைத் தீர்மானிக்கும் கல்லூரி இருக்கையைக் கண்டிப்பதில்லை.

இதற்கு விவிலியத்தையே துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. தாலந்து உவமையைச் சொல்லி, பெருக்குவதுதானே ஆண்டவர் விருப்பம் என்பார்கள். அவ்வுவமையை அவர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். தாலந்து என்பது அக்காலத்தில் பெரும் எடையுள்ள வெள்ளி. ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ 6,000 நாள் கூலிக்குச் சமம். அதைப் பெற்ற மூன்றாம் பணியாளன் திருடவில்லை, சூதாடித் தொலைக்கவில்லை. அஞ்சினான், அஞ்சியதால் மண்ணில் புதைத்தான். அவன்மீது சாட்டப்பட்ட குற்றம் அவ்வளவே. பிள்ளைக்கு இறைவன் கொடுத்த திறனை, "பாதுகாப்பு" என்ற பெயரால் மண்ணுக்குள் தள்ளி மேலே சம்பளச் சீட்டை வைத்து மூடும் பெற்றோர் எந்தப் பணியாளனைப் போன்றவர் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

எடுத்துக்காட்டுக்கு நாம் வெகுதொலைவு போகவேண்டியதில்லை. தூத்துக்குடி மறைமாவட்டத்துக் குருவாகப் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார் 1913இல் ஈழத்தில், ஊர்காவற்றுறைப் பகுதியில் உள்ள கரம்பொன்னில் பிறந்தவர். உரோமையில் இறையியல் கற்று, 1938இல் குருப்பட்டம் பெற்று, முனைவர் பட்டத்தோடு நம் மறைமாவட்டத்துக்கு வந்தவர். இலத்தீனும் பல ஐரோப்பிய மொழிகளும் அவருக்குக் கைவந்திருந்தன. அத்தகைய ஒருவர் எவ்வளவு உயர்ந்த பொறுப்புகளை எதிர்பார்த்திருக்கலாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் போய்ச் சேர்ந்த இடம் வடக்கன்குளம். ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி.

அங்கே இருந்தபோதுதான் தம் தாய்மொழியின் இலக்கியத்தைத் தாம் முறையாகக் கற்கவில்லை என்ற குறை அவரை உறுத்தியது. உறுத்தல் பலருக்கும் வரும். பணி இருக்கிறது, வயதாகிவிட்டது, பட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி அதை ஆற்றிக்கொள்வோம். அடிகளார் அப்படிச் செய்யவில்லை. தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து பாடம் கேட்டார். பின்னர், முப்பது வயதைக் கடந்த நிலையில், உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற ஒரு குரு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தம்மினும் பத்து வயது இளையவர்களோடு தமிழ் மாணவராகச் சேர்ந்தார். சங்க இலக்கியத்தில் இயற்கை என்பதை ஆராய்ந்து பட்டம் பெற்றார். தமிழ் படித்து என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்விக்கு அப்போது அவரிடமும் விடை இருந்திருக்க வழியில்லை.

விடை பின்னால் வந்தது. 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். 1952இல் 'தமிழ்க் கல்சர்' என்ற ஆங்கில முத்திங்களிதழை இவ்வூரிலிருந்தே வெளியிட்டார். தமிழைப் பற்றி உலக அறிஞர்கள் எழுதவும் படிக்கவும் அது ஒரு களமாயிற்று. இலங்கையிலும் மலாயாவிலும் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். 1964இல் தில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் அமைய முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டினார். உலகத் தமிழ் மாநாடு என்றால் இன்று எல்லாருக்கும் அரசியல் ஊர்வலங்கள் நினைவுக்கு வருகின்றன. அதன் தொடக்கத்தில், மீண்டும் மாணவனாகத் துணிந்த ஒரு கத்தோலிக்கக் குரு இருந்தார் என்பதை நம் மறைக்கல்வி வகுப்புகளில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

"அவர் குரு, அவருக்கென்ன குடும்பமா, குட்டியா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அப்படியானால் குடும்பம் இருந்தவரையே பார்ப்போம். வ.உ.சிதம்பரனார் இந்நகரில் நல்ல வருவாயுள்ள வழக்கறிஞர். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார், 1908இல் சிறைப்பட்டார், 1912இல் வெளியே வந்தபோது கப்பல் நிறுவனமும் இல்லை, வழக்காடும் உரிமமும் இல்லை. மனைவி மக்களோடு வறுமையில் உழன்றார். அந்த வறுமைக்கு நடுவிலும் திருக்குறள் மணக்குடவர் உரையை 1917இல் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையில் உழைத்தார். 1936இல் இதே தூத்துக்குடியில் மறைந்தார். அவர் செலுத்திய விலை பெரிது. அதைச் சிறிதாக்கிச் சொல்வது அவருக்குச் செய்யும் அவமதிப்பு. அவர் குடும்பம் பட்டதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஒன்று கேட்கிறோம். 2011இல் நம் துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூட்டி மகிழ்ந்தோமே, அந்தத் துறைமுகத்தில் வேலைக்குச் சேரத் தம் மகனை அனுப்பும் தகப்பன்மாரில் எவராவது, அந்தப் பெயருக்குரியவர் செய்ததில் நூறில் ஒரு பங்கைத் தம் மகன் செய்வதற்கு இசைவாரா?

நம் கரையின் திருத்தூதர் சவேரியார் இதைப் பற்றி நம்மைவிடக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கற்று, அங்கேயே கற்பித்தவர் அவர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஊர் ஊராக நடந்து, சிறுவர்களுக்கு மன்றாட்டுகளைக் கற்பித்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து தம் துறவுச் சகோதரர்களுக்கு எழுதிய மடலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, பித்தனைப் போல் கூவி அங்குள்ளவர்களை எழுப்ப வேண்டும் என்று தமக்குப் பல முறை தோன்றுவதாகக் குறிப்பிட்டார். பதவிகளையும் மானியங்களையும் ஆயர் இருக்கைகளையும் குறிவைத்தே பலர் கற்கிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. அம்மடலை இக்கரை மக்களுக்கு நடுவே உழைத்த அனுபவம் எழுத வைத்தது. பாரிசுக்கு எழுதப்பட்ட கண்டனம் நானூற்று எண்பது ஆண்டுகள் கழிந்து, எழுதத் தூண்டிய கரைக்கே முகவரி மாறி வந்து நிற்கிறது.

நல்லாயன் ஞாயிறன்று இறையழைத்தலுக்காக மன்றாடுகிறோம். உருக்கமாகவே மன்றாடுகிறோம். அழைத்தல் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வரவேண்டும் என்பதே அம்மன்றாட்டின் சொல்லப்படாத கடைசி வரி. குருத்துவத்தை மட்டும் நாம் குறிப்பிடவில்லை. செவிலியராவதும், மரவேலை செய்வதும், மீன்களை ஆராய்வதும், கதை எழுதுவதும் அழைத்தலாக இருக்கக்கூடும் என்று நம்பாத வீட்டில் குருத்துவ அழைத்தல் மட்டும் எப்படி முளைக்கும்?

மறுபுறம் ஒரு போலியும் உலவுகிறது. உழைக்க மனமின்றி, தகப்பன் பணத்தில் திரிந்துகொண்டு, "எனக்குப் பிடித்ததைச் செய்கிறேன்" என்று சொல்பவர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அண்ணாமலையில் அடிகளார் அமர்ந்த பெஞ்சு மிகக் கடினமானது.

இனி உப்பளத்துக்குத் திரும்புவோம். அங்கே பாத்தியில் நிற்கும் தாயின் மகளுக்கும் உள்ளம் நாடும் ஒன்று உண்டு. ஓவியமாக இருக்கலாம், வரலாறாக இருக்கலாம், கடலைப் பற்றிய ஆராய்ச்சியாக இருக்கலாம். அவள் அதைத் தேர்ந்துகொண்டால் வீடு பட்டினி கிடக்கும் என்பதால் அவளுக்குத் தேர்வே இல்லை. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வை எழுதி வெளியிட்டது 1979இல். அந்நாவலைப் படித்துவிட்டு இன்று அளத்துக்குப் போகிறவர், எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லித் திரும்ப முடியாது. அவளுக்கு மனநிறைவைப் போதிக்க நமக்கு உரிமையில்லை. அவளுக்குத் தேவை பணம். அவளுடைய தாய்க்குத் தேவை மழைக்காலத்திலும் அடுப்பெரியும் கூலி.

ஆகவே நம் பங்குப் பேரவைகள் முன் ஒன்றை வைக்கிறோம். ஆண்டுத் திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் ஒலி ஒளி அமைப்புக்கும் ஆகும் செலவில் பாதியை எடுத்து, உப்பளத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கென ஒரு நிதி தொடங்கலாம். என்ன படிப்பு என்று மட்டும் கேட்கலாம். படித்து என்ன வேலைக்குப் போவாய் என்ற கேள்வி விண்ணப்பத்தில் இருக்கக் கூடாது. வளைகுடாவிலும் கப்பலிலும் பொருளீட்டும் நம் பிள்ளைகளிடம் அந்நிதிக்குத் தாராளமாகக் கேட்கலாம். தாம் செய்ய விரும்பி, செய்ய விடப்படாத ஏதோ ஒன்று அவர்களில் பலருக்கும் உண்டு. அதனால் கொடுப்பார்கள் என்றே நினைக்கிறோம். திருவிழாவுக்கான வரவு செலவுத் திட்டம் பேரவையில் வாசிக்கப்படும் நாளில், யாராவது ஒருவர் எழுந்து இதைக் கேட்கட்டும்.